கட்டை விரலுக்கு 30 சதவீதம்

இந்த முறை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கடிதங்கள் மட்டும். பெரும்பாலும் மிஷின், பெரும்பாலும் கை. 'பெயர் போட வேண்டாம்' என்று எழுதாத கடிதம் ஒன்றுகூட இல்லை. அடிபட்டவர்தான் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனவே ஊர் மட்டும்.

பிரஸ் ஆபரேட்டர், மயிலம்: 2025 ஜூன் மாதம் பவர் பிரஸ்ஸில் இடது கட்டை விரல் முழுசாகப் போய்விட்டது. வயது 25, சம்பளம் 18,000. இ.எஸ்.ஐ. கிடையாது. கம்பெனியில் 50,000 தருகிறேன் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

தாராளமாக வாங்குங்கள். மீதி 5,35,657 ரூபாய் எப்போது என்று கேட்டுக்கொண்டே வாங்குங்கள்.

விளையாட்டில்லை, கணக்கு இதோ. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தைக் கண்கொண்டு பார்க்காது. 2020 ஜனவரியில் வைத்த வரம்பு அது. அதற்கு முன்பு 8,000 ஆக இருந்தது, அதை நினைத்து ஆறுதல் அடையலாம். 15,000-இல் 60 சதவீதம் 9,000. இருபத்தைந்து வயதுக்கு அட்டவணை சொல்லும் காரணி 216.91. பெருக்கினால் 19,52,190. இது இரண்டு கையும் போனவருக்கான தொகை. முழுக் கட்டை விரலுக்கு அதில் 30 சதவீதம். ஆக 5,85,657.

விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமாகவும் உங்களுக்கே வரும். மற்ற விரல்களின் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டு விரலும் ஆளுக்கு 7. மோதிரம் போட்டிருந்தாலும் 7-தான்.

தச்சர், திண்டிவனம்: மரம் அறுக்கும் மில்லில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அட்டவணையில் 60 சதவீதம் என்று இருக்கிறதாம். அதோடு முடிந்ததா?

முடியவில்லை. உங்களைப் போன்ற ஒரு தச்சர் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்திருக்கிறார். 1968-இல் சினிமா தியேட்டர் ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து, இடது கையை இழந்தவர். 'ஒரு கை இன்னும் இருக்கிறதே, இது பகுதி ஊனம்தானே' என்று வாதாடினார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் நீதிமன்றம் முடித்து வைத்தது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்பார்கள். தொகை பாக்கியாவது தீர்ப்பு வந்த நாளிலிருந்து அல்ல, விபத்து நடந்த நாளிலிருந்தே என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

போனது எந்த உறுப்பு என்பதோடு, அதை வைத்து நீங்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்பதும் கணக்கு. ஏகலைவனையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைப்படி கட்டை விரலுக்கு 30. ஆனால் வில்லாளிக்குக் கட்டை விரல் போனால் பிழைப்பே போயிற்று, 100 கேட்டிருக்கலாம். என்ன செய்வது, துரோணரின் மஸ்டர் ரோலில் அவன் பெயரே இல்லை.

உங்கள் பெயர் ரோலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வேலையை இனிச் செய்ய முடியாது என்பதற்கு டாக்டர் சாட்சியும் வேண்டும். தானாக 100 வராது.

வாசகர், கூட்டேரிப்பட்டு: ஆயுத பூஜை அன்று மிஷினுக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறோம். அதையும் மீறி விபத்து நடக்கிறதே?

சந்தனம் பூசும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தானே பூசுகிறீர்கள்? மற்ற 364 நாளும் துடைக்கும்போது அதையே செய்யுங்கள்.

இல்லத்தரசி, விக்கிரவாண்டி: என் கணவருக்கு மில்லில் நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. ஓனர் தங்கமானவர். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவரே கட்டினார், வீட்டுக்கு அரிசி மூட்டையும் அனுப்பினார். அவர்மேல் கேஸ் போடுவது துரோகம் இல்லையா?

தங்கமானவர் என்பதில் சந்தேகமில்லை அம்மா. ஆஸ்பத்திரிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அது தனி. இழப்பீட்டில் அதைக் கழிக்க முடியாது. அரிசி மூட்டை அன்பளிப்பு, அதுவும் கழியாது. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம். அது இன்னும் வரவில்லை.

கேஸ் என்றதும் போலீஸ், விலங்கு என்று பயப்பட வேண்டாம். இழப்பீட்டு ஆணையர் முன் போடுவது பண மனு. நல்லவரான ஓனர் தொழிலாளர் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து வைத்திருந்தால் பெரும்பாலும் வட்டி நீங்கலாகப் பணம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரும், அவர் பையிலிருந்து அல்ல. பாலிசி எடுத்திருக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே எவ்வளவு நல்லவர் என்று தெரிந்துவிடும்.

சிகிச்சையில் இருந்த நாட்களுக்கும் உண்டு: பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மாதச் சம்பளத்தில் கால் பங்கு. இதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்க்கும்போதே இந்த உரிமைகளைப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2017-இல் சட்டத்தில் சேர்த்தார்கள். தராவிட்டால் 50,000 முதல் 1 லட்சம் வரை அபராதம் என்றும் அதில் இருந்தது. அப்படி ஒரு காகிதத்தை வாங்கிய வாசகர் யாராவது இருந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், ஃபிரேம் போட்டு மாட்டிவைக்கிறேன்.

ரைஸ் மில் தொழிலாளி, விழுப்புரம்: ஏ.ஆர். காப்பி வாங்கினாயா, ஏ.ஆர். காப்பி வாங்கினாயா என்று வக்கீல் துளைக்கிறார். அது என்ன அவ்வளவு பெரிய காகிதமா?

அரைப்பக்கக் காகிதம்தான். ஆனால் உங்கள் வழக்கின் தலையெழுத்து அதில் ஒரே வரியில் இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவுக்குக் கொண்டுபோனதும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டை, அதாவது ஏ.ஆர்.-ஐத் திறந்து, 'எப்படி ஆச்சு?' என்பார். நீங்கள் வலியில் முனகிக்கொண்டிருப்பீர்கள். கூட வந்த சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, 'வீட்ல வழுக்கி விழுந்துட்டாப்ல சார்' என்பார். டாக்டர் அப்படியே எழுதுவார், அவருக்கு என்ன தெரியும்? இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் சத்தமாகப் படிப்பார். வழுக்கி விழுந்தவனுக்கு மூன்று விரல் ஒரே அளவில் எப்படித் துண்டாகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எனவே வலியோடு வலியாக நான்கு விஷயம் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த மில், எந்த மிஷின், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது. பேச முடியாவிட்டால் வீட்டு ஆள் யாராவது சூப்பர்வைசருக்கு முன்னால் நிற்க வேண்டும். ஏற்கெனவே தப்பாக எழுதிவிட்டார்கள் என்றால் உடனே போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சம்பளம் வந்த பேங்க் பாஸ்புக், ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப், கூட வேலை செய்தவர், டீக்கடைக்காரர் என்று ஒன்று விடாமல் சேருங்கள்.

கரும்புச் சாறு வண்டிக்காரர், திண்டிவனம் பேருந்து நிலையம்: எனக்கு நான்தான் ஓனர், நான்தான் லேபர். உருளையில் கை போனால் யாரிடம் கேட்பது?

யாரிடமும் கேட்க முடியாது என்பதால் இன்றைக்கே இரண்டு வேலை. உங்கள் தொழிலுக்கான அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். விபத்துக்குப் பிறகு போனால் பதிவு உதவாது. அடுத்து, பேங்கில் வருடம் 20 ரூபாய்க்குப் பிரதமர் விபத்துக் காப்பீடு. ஒரு கை முழுசாகச் செயலிழந்தால் 1 லட்சம், உயிர் போனால் 2 லட்சம். விரலுக்கு அதில் ஒன்றும் கிடையாது. வருடச் செலவு உங்கள் சாறு ஒரு கிளாஸ் விலைதான், எலுமிச்சை, இஞ்சி உட்பட.

கல்லூரி மாணவர், மரக்காணம்: துண்டான விரலை ஐஸில் போட்டு எடுத்துப் போக வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை, அந்தப் பாதியில்தான் பல விரல்கள் பாழாகின்றன. நேராக ஐஸில் போட்டால் திசு செத்துவிடும். சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியபடியே 108-க்குக் கூப்பிடுங்கள். விரலில் தசை கிடையாது என்பதால் குளிரில் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் 6 மணி நேரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்துக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. திண்டிவனம் சாலையிலேயே கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. ஒட்டும் டாக்டர் அந்த நேரத்தில் இருக்கிறாரா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்புங்கள். சென்னை ஸ்டான்லியில் 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாட்டுக்கே முன்னோடி. மிஷினில் கை கொடுத்த எத்தனையோ பேர் அங்கே கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மில் உரிமையாளர், விழுப்புரம்: எப்போதும் முதலாளியைத்தான் திட்டுகிறீர்கள். பெல்ட்டுக்குக் கம்பி வலை மூடி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிறார்கள். தப்பு அவர்கள்மேல்தானே?

நல்ல கேள்வி, பொறுமையாகப் பேசுவோம். வேண்டுமென்றே காப்பு மூடியைக் கழற்றினால் இழப்பீடு கிடையாது என்று சட்டத்திலும் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டிய வக்கீல் அடுத்த வரியையும் படித்துக் காட்டினாரா? உயிர் போனாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோ அந்தச் சாக்கு செல்லாது. கழற்றியதை நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

இப்போது சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு மில்லுக்குள் வாருங்கள். எலிவேட்டரில் நெல் அடைத்துக்கொள்கிறது. மோட்டாரை நிறுத்தி, நான்கு போல்ட்டைக் கழற்றி, அடைப்பை எடுத்து, திரும்ப முடுக்க ஆகும் நேரம் அவருடைய கூலியிலிருந்து போகிறது, ஏனென்றால் நீங்கள் கூலி கொடுப்பது மூட்டைக் கணக்கில். மோட்டார் நின்றால் 'ஏன்டா நின்னுது?' என்று ஆபீஸ் ரூமிலிருந்து குரல் வருகிறது. மூடி கழன்று கிடக்கும்போது எந்தக் குரலும் வருவதில்லை. மூன்றாவது அடைப்பில் மூடி சுவரில் சாய்ந்துவிடும், அப்புறம் தீபாவளி வரை அங்கேயே இருக்கும். தினமும் அதைத் தாண்டித்தானே நீங்களும் போனீர்கள்? மிஷின் ஓடும்போது மூடி அதன் இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் உரிமையாளர் கடமை என்றே சொன்னது 1948-இன் தொழிற்சாலைச் சட்டம். மூடி வாங்கிய பில் அந்தக் கடமையைத் தீர்க்காது.

பிரஸ் கம்பெனிகளிலும் இதே கதை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும் மிஷினில் ஒரு பட்டனில் குச்சியைச் செருகி வைப்பார்கள். ஒரு கைக்கு வேலை மிச்சம். அப்புறம் கையே மிச்சம் இருக்காது. குச்சியைச் செருகியவர் தொழிலாளி. மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியவர் யார்?

பெண் தொழிலாளி, செஞ்சி: முந்தானை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது, உயிர் தப்பியது பெரிய விஷயம். 'புடவை கட்டிக்கொண்டு வந்தது உன் தப்பு' என்கிறார் மேனேஜர்.

ஓடும் மிஷின் அருகே எண்ணெய் விட, பெல்ட் மாற்றப் போகிறவருக்கு உடம்போடு ஒட்டிய உடுப்பை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்று சொன்னது அதே 1948 சட்டம். ஓடும் மிஷினில் பெண்களை எண்ணெய் விடச் சொல்லவே கூடாது என்று இருந்ததும் அதில்தான். மேனேஜரிடம் சட்டையும் பேன்ட்டும் எந்த அளவில் தருவார் என்று கேளுங்கள்.

வாசகர், ஒலக்கூர்: மூடி போடாத முதலாளிக்கு அபராதம் எவ்வளவு?

பழைய தொழிற்சாலைச் சட்டத்தில், பலத்த காயம் ஏற்பட்டால் குறைந்தபட்சம் 5,000 ரூபாய். உயிர் போனால் 25,000. மூடியின் விலையைவிட அபராதம் குறைவாக இருந்தால் வியாபாரி எதை வாங்குவார்? 2025 நவம்பர் 21 முதல் 1923, 1948 சட்டங்களின் இடத்தில் புதிய சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. பலத்த காயத்துக்கு 2 முதல் 4 லட்சம், உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், சிறையும் உண்டு. அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கே கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

கைதட்டுவதற்கு முன் இன்னொன்று. முன்பு மின்சாரத்தில் மிஷின் ஓட்டி 10 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை. இப்போது 20 பேர். நம் பக்கத்துச் சின்ன மில்கள் பலவற்றில் 20 பேர் எங்கே இருக்கிறார்கள்? அபராதத்தை ஏற்றிய கையோடு தொழிற்சாலைக் கணக்கிலிருந்து சின்ன மில்களை வெளியே அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இழப்பீடு கேட்பதற்கு இந்த ஆள் கணக்கு குறுக்கே வராது. முந்தைய சட்டத்தின் சதவீத அட்டவணையும் புதிய தொகுப்பில் தொடர்கிறது.

கொத்தனார் குடும்பம், கண்டாச்சிபுரம்: மில்லில் சேரும்போது 40,000 அட்வான்ஸ் வாங்கினோம். இப்போது கை போன நஷ்ட ஈட்டில் அதைக் கழித்துக்கொள்வேன் என்கிறார் ஓனர்.

முடியாது. இழப்பீட்டுத் தொகையில் எந்தக் கடனையும் கழிக்கக் கூடாது, ஜப்தி செய்யக் கூடாது, அடகாக எழுதி வாங்கவும் கூடாது. இந்தச் சட்டம் வந்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது. அட்வான்ஸ் பேச்சு இன்னும் ஓயவில்லை.

ஹெல்பர், திண்டிவனம்: நான் காண்ட்ராக்டர் ஆள். 'உனக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை' என்கிறது கம்பெனி. காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை.

கம்பெனிமேல் மனு போடுங்கள். தன் வேலையைக் காண்ட்ராக்டில் விட்டவர் தன் சொந்தத் தொழிலாளிக்குத் தருவதைப் போலவே தர வேண்டும். காண்ட்ராக்டரைத் தேடிப் பிடித்து வசூலிப்பது அவர் பாடு. நெய்வேலியில் 2020-இல் மே மாதம் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை பாய்லர் வெடித்தபோது ஒப்பந்தத் தொழிலாளர்களும்தான் செத்தார்கள். பாய்லர் சம்பள ரசீது பார்த்து வெடிப்பதில்லை.

டெய்லி ஷிப்ட் தொழிலாளி, வானூர்: கை மாட்டிக்கொண்ட மறுநாள்தான் எனக்கு இ.எஸ்.ஐ. கார்டு வந்தது. செல்லுமா?

கார்டு வந்த தேதி முக்கியமில்லை, நீங்கள் வேலையில் சேர்ந்த தேதிதான் கேள்வி. வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. விபத்துக்குப் பிறகு அவசரமாகப் பதிவு செய்வது உங்கள் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல, ஹரியானாவின் மானேசர் வரை இதுதான் வழக்கம். விபத்து அறிக்கையில் சேர்ந்த தேதியைச் சரியாகப் போடச் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ. இருந்தால் பழைய இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது. பதிலாக, மருத்துவக் குழு சொல்லும் ஊன அளவுக்கு ஏற்ப மாதாமாதம் ஆயுள் முழுக்கப் பணம் வரும். மொத்தமாக வாங்கி மச்சானுக்குக் கடன் கொடுப்பதைவிட இது மேல்.

விவசாயி, திருவெண்ணெய்நல்லூர்: மல்லாட்டை உடைக்கும் மிஷினில் கூலிக்கு வந்த பையன் கை போய்விட்டது. நிலத்து வேலைக்கெல்லாம் சட்டம் உண்டா?

உண்டு. மின்சாரத்திலோ இன்ஜினிலோ ஓடும் கருவியை வைத்துச் செய்யும் விவசாய வேலையும் அட்டவணையில் இருக்கிறது. வடக்கே கோதுமை அடிக்கும் மிஷின்கள் கூட்டம் கூட்டமாகக் கைகளைத் தின்றதால்தான் 1983-இல் ஆபத்தான மிஷின்களுக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். 'பையன்' என்கிறீர்களே, வயது என்ன? 18-க்குக் குறைவாக இருந்தால் அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதீர்கள், வக்கீலுக்கு எழுதுங்கள்.

வாசகர், விக்கிரவாண்டி: நைட் ஷிப்டுக்கு டூவீலரில் போகும் வழியில் விபத்து. அதுவும் வேலை விபத்தா?

ஆகலாம். மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் விடிகாலை ஷிப்டுக்குப் போகும் வழியில் 2003-இல் இறந்தார். குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஜூலையில். நேரமும் பாதையும் வேலையோடு பொருந்த வேண்டும். வழியில் சினிமாவுக்குப் போயிருந்தால் பொருந்தாது.

பணிமனைத் தொழிலாளியின் மகன், விழுப்புரம்: அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக். கை போனால் வேலையும் போகுமா?

போகாது. பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் நீக்கக் கூடாது, வேறு வேலை கொடுக்க வேண்டும், சம்பளத்தையும் குறைக்கக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். தனியார் கம்பெனிக்கு இந்த வரி பொருந்தாது. அங்கே 'வாட்ச்மேன் வேலை தருகிறேன்' என்பார்கள். அதை எழுத்தில் கேளுங்கள்.

பெயரும் ஊரும் வேண்டாம்: வெள்ளைப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால்தான் செக் என்கிறார்கள்.

உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய காகிதம் சட்டப்படி செல்லாது. சமரசத் தொகையை ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும், அவர் தொகை குறைவு என்று மறுக்கலாம். உயிரே போயிருந்தால் பணத்தை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பது பொதுவாகக் கணக்கில் வராது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். வெள்ளைப் பேப்பர் எதற்கும் வேண்டாம்.

தொழிலாளி, வானூர்: அடிபட்டது ஒரகடத்தில். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே ஓட வேண்டுமா?

வேண்டாம். விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் இடம், கம்பெனியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், இந்த மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனு போடலாம். விழுப்புரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் உங்கள் பகுதி ஆணையர் எங்கே உட்காருகிறார் என்று சொல்வார்கள். வக்கீல் கட்டணத்துக்கு விரலைப்போலப் பணமும் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், தொழிற்சாலைத் தொழிலாளிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். போன் எண் 15100. 1923 சட்டத்தின்படி விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு உள்ளே போக வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்று கம்பெனியில் சொல்லும் ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டு ஆண்டில்தான் கழிகிறது. இந்த வாரமே போங்கள்.